ஜன்னலை அடைத்த மெஸ்

அந்தச் சங்கு அடித்தொண்டையில் தொடங்கும், தம்பி. முதலில் ஒரு மாடு முனகுகிற மாதிரி இருக்கும். பிறகு மெல்ல மெல்ல ஏறி, மலையில் போய் முட்டி, திரும்பி வந்து நம் தலைமேலேயே விழும். அணையில் மதகு திறப்பதற்கு முன்னால் ஊதுவார்கள். ஆற்றில் துணி துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள் எல்லாரும் கரையேற வேண்டுமே, அதற்காக. இப்போது ஊதுவது கோழி இருமுகிற மாதிரி இருக்கிறது. நான் சொல்வது பழைய சங்கு. கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

உட்காருங்கள். அங்கே இல்லை, இங்கே, சுவரைப் பார்த்து. உங்கள் பேருந்துக்கு டயர் மாற்ற எப்படியும் நேரமாகும். அந்த டிரைவரை எனக்குத் தெரியும். ஜாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு டீ, எடுத்த பிறகு ஒரு டீ. உங்களோடு வந்த கூட்டம் அத்தனையும் அணையைப் பார்க்க மேட்டுக்கு ஏறிவிட்டது, பார்த்தீர்களா? நீங்கள் ஒருவர்தான் பசிக்கிறது என்று உள்ளே வந்தீர்கள். அதற்காகவே உங்களுக்கு நானே இலை போடுகிறேன். தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். அப்படித்தான்.

சங்கு ஊதிய அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். அப்போது இந்த மெஸ் குடும்பத்துக்குப் பொது. என் வீட்டுக்காரர் ராக்கியண்ணனும் அவர் தம்பி வேலுச்சாமியும் சேர்ந்து நடத்தினார்கள். அடுப்படி என்னுடையது. நான் கோயமுத்தூரில் கல்லூரியில் இலக்கியம் படித்தவள். படித்தவள் போய் அடுப்படியில் நிற்கிறாளே என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். செய்யுளில் ஓர் அசை குறைந்தால் காது சொல்லும். ரசத்தில் ஒரு கல் உப்பு குறைந்தால் மூக்கு சொல்லும். இரண்டும் ஒரே படிப்புதான். அது இந்த ஊர் ஆட்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

அன்றைக்கு ஆடிப்பெருக்கு. மெஸ் நிறைந்துவிட்டது. அரிசிம்பருப்பு சோறு, நெய், கத்தரிக்காய்ப் பொரியல், கொள்ளு ரசம், கெட்டித் தயிர். இலைகளில் இரண்டாவது தடவை சோறு விழுந்துகொண்டிருந்தது. நான் வழக்கம்போல வரிசைக்கு நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் பழக்கம். சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்க்காதவள் எதற்காகச் சமைக்க வேண்டும்? முதல் கவளத்தை எப்படி மெல்லுகிறான், எதற்குப் புருவம் தூக்குகிறான், எதை ஓரமாகத் தள்ளுகிறான், எல்லாம் பார்ப்பேன். தள்ளினால் ஏன் என்று கேட்பேன். நீங்களும் அந்தக் கீரையைத் தள்ளாதீர்கள். மண்சட்டியில் கடைந்தது. ஆம், இப்போது நெய்யை விட்டுப் பிசையுங்கள். கொஞ்சமாக இல்லை, நன்றாக.

சங்கு ஊதியது. வாசலில் யாரோ, "மதகு தொறக்கறாங்கடோய்" என்றான். அவ்வளவுதான். என் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். எச்சில் கையோடு. வாயில் சோற்றோடு. ஒரு வாத்தியார், வெள்ளை வேட்டிக்காரர், மரியாதையான மனிதர், பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடினார். எல்லாருக்கும் முன்னால் யார் ஓடியது என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரர். கையில் சாம்பார் வாளி. அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நான் நின்றேன். ஆவி பறக்கிற சோறு, திறந்த இலைகள், ஓர் ஆள் இல்லை. சாவு வீட்டுச் சாப்பாட்டில்கூட உட்கார்ந்தவன் பாதி இலையில் எழுந்திருக்க மாட்டான். அப்போது இந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது, நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, சுண்ணாம்பு வேறு நிறமாக இருக்கிற இந்த இடத்தில். அது வழியாகப் பார்த்தேன். கரைமேல் வரிசையாக முதுகுகள். தண்ணீர் விழுகிறதாம். தண்ணீர் விழாமல் வேறு என்ன செய்யும்?

என் பக்கத்தில் வேலுச்சாமியின் பெண்டாட்டி கலாமணி சோற்றுத் தட்டோடு நின்றாள். கல்யாணமாகி வந்த புதிது. எனக்கு ஓரகத்தி. அவள் இலைகளைப் பார்க்கவில்லை. அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க்கா, இவங்களுக்குத் தண்ணியப் பாத்துக்கிட்டே சோறு திங்கோணும்னு இருக்குதாட்டங்க."

தவிட்டைப் பார்த்துக்கொண்டே வைக்கோல் தின்கிற மாட்டைப்போலவா என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. எட்டாவது வரை படித்தவள்.

அந்த வாரமே கொத்தனாரை வரச்சொல்லி ஜன்னலை அடைத்தேன். என் வீட்டுக்காரர்தான் கலவை எடுத்துக் கொடுத்தார். கடைசிச் செங்கலை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கொத்தனார் இரண்டு தடவை கேட்ட பிறகு கொடுத்தார். அவர் எதிலும் மந்தம்.

ரசம் ஊற்றட்டுமா? இல்லை, அந்தச் சோறு முடியட்டும். கலந்தால் இரண்டும் கெடும்.

பிறகு பாகப்பிரிவினை வந்தது. எங்கள் பக்கத்தில் வழக்கம் தெரியுமோ என்னவோ: மூத்தவன் சொத்தை இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் மூத்தவன் ஓரம் பேசமாட்டான். ஒரு கடலைக்காட்டை விட்டால் எங்களுக்கு இருந்ததே இரண்டு. ஒன்று, பேருந்து நிற்கிற இடத்தில் நன்றாக ஓடுகிற இந்த மெஸ். இன்னொன்று, மேலே தெரிகிறதே அந்தப் பாறை மேடு. வெள்ளாடுகூட ஏற யோசிக்கும். இளையவர்கள் மெஸ்ஸை எடுத்துவிடுவார்களே என்று பயந்தேன். அதனால் என் வீட்டுக்காரரிடம் சொல்லி, கிணற்றோடு இருந்த கடலைக்காட்டையும் தூக்கிப் பாறைப் பங்கோடு சேர்த்து வைத்தேன். அந்தக் காட்டுக்கு ஆசைப்பட்டாவது பாறையை எடுக்கட்டும் என்று.

பெரியவர்கள் முன்னால் வேலுச்சாமி கலாமணியைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பாறைப் பங்கு போதுமென்றாள். அதோடு விட்டாளா? "கடலைக்காட்டை அக்காவே வச்சுக்கட்டுங்க. எங்களுக்குப் பாறை மட்டும் போதுங்க" என்றாள்.

நான் அன்று ராத்திரி சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவளை நான் அன்றுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "அங்கிருந்து பாத்தா ரெண்டு மலையும் தெரியும் சுலோ" என்றார். மலை தெரிந்தால் அதை வறுத்துச் சாப்பிடலாமா என்று கேட்டேன். திரும்பிப் படுத்துவிட்டார்.

அந்தப் பாறையில்தான் 'டேம் வியூ' ஓட்டல் வந்தது. நீங்கள் வருகிற வழியில் பலகை பார்த்திருப்பீர்கள், மயிலும் அருவியும் போட்டு. இந்த அணையில் அருவியும் இல்லை, மயிலும் இல்லை. உள்ளே எப்படி என்றால், தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. நாற்காலிகள் எல்லாம் தண்ணீரைப் பார்த்து. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. புருஷன் பெண்டாட்டிகூட ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், பேருந்தில் போகிற மாதிரி. சாப்பாட்டுக்குப் 'பாரம்பரியக் கொங்குத் தாலி' என்று பெயர். குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடுமே, அந்த மாதிரிக் கிண்ணங்களில் எல்லாவற்றையும் ஒரு கரண்டி. பாரம்பரியத்தைக் கண்டுபிடித்தது யார்? என் அடுப்படியில் சோற்றுத் தட்டு தூக்கியவள்.

மீனைச் சொன்னால் சிரிப்பீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அணை. அதில் கெண்டையும் கட்லாவும் துள்ளுகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தட்டில் இருப்பது, கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து மூன்று நாள் தூங்கிய மத்தி. தின்கிறவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தின்று, "அணை மீன் தனி ருசிதான்" என்கிறான். நானே கேட்டேன், இந்தக் காதால்.

மார்கழியில் பனி இறங்கினால் அணையும் தெரியாது, மலையும் தெரியாது. கண்ணாடி முழுக்க வெள்ளை. அப்போதும் வருகிறார்கள். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். படம் வேறு எடுக்கிறார்கள். வெள்ளைச் சுவரைத்தானே பார்க்கிறீர்கள், என்னிடம் வந்து பார்க்கக் கூடாதா? என்னிடம் நல்ல சுவர் இருக்கிறது, சோறும் நன்றாக இருக்கிறது.

இப்போது ரசம். குடியுங்கள். கொள்ளு ரசம், பூண்டு இடித்துப் போட்டது. தொண்டையில் இறங்குகிறதா? என்ன தெரிகிறது? ம், தலையை ஆட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது என்பது ஒரு பதிலா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, விடுங்கள். டேம் வியூ வந்த பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் இங்கேதான் சாப்பிடுவோம். அவருக்கு இலை போட்டு, நான் எதிரில் நின்று பார்ப்பேன். அவர் எப்போதும் அவசரமாகச் சாப்பிடுகிறவர். இரண்டு வாய், ரசம், மோர், எழுந்துவிடுவார். "இன்னும் கொஞ்சம்" என்றால் "போதும்" என்பார். "பொரியல் எப்படி" என்றால் "நல்லாருக்கு" என்பார். "நேற்றைக்கு விட இன்றைக்கா" என்றால் இலையை மடித்துவிடுவார். நாற்பது வருஷம் அப்படி. பிறகு திடீரென்று அதுவும் இல்லை. வயிறு சரியில்லை, பசி இல்லை என்று சொல்லிவிட்டு மத்தியானம் எங்கோ போய்விடுகிறார். ஆள் மெலியவும் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு நாள் பின்னாலேயே போனேன். பாறை மேட்டில் படி வெட்டியிருக்கிறார்கள். மூச்சு வாங்க ஏறினேன். உள்ளே போனால், கண்ணாடியோரம் கடைசி நாற்காலியில் என் வீட்டுக்காரர். முன்னால் அந்தச் சொப்புக் கிண்ணங்கள். மெதுவாகச் சாப்பிடுகிறார், தம்பி. ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, மென்றுகொண்டே வெளியே பார்க்கிறார். பிறகு இன்னொரு வாய். சோற்றை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். என்னிடம் ஒரு தடவைகூட வாங்கினதில்லை.

பக்கத்தில் போய் அவர் தட்டிலிருந்து ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டேன். உப்பில்லை. கலாமணியைக் கூப்பிட்டு, இதில் உப்பில்லை என்றேன். அவள் கை கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் சொன்னாள்: "இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லைங்க்கா." எப்படிச் சொல்வார்கள்? கண்ணால் தின்கிறவனுக்கு உப்பு எதற்கு?

படியிறங்கும்போது கேட்டேன், என் சாப்பாட்டில் என்ன குறை என்று. ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் ஏன் அங்கே போய் அந்தக் கண்றாவியைத் தின்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு படி இறங்கினார். நின்றார். "அங்க உக்காந்தா என்னைய யாரும் பாக்கறதில்ல சுலோ" என்றார்.

இது ஒரு காரணமா? பார்க்காமல் சோறு போட்டால் அது நாய்க்குப் போடுவது. நான் அவரைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அவருக்குக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்காரர் அவர். கேட்டால் அவரே சொல்வார்.

கையை எடுக்காதீர்கள். தயிர் இருக்கிறது.

அதற்குப் பிறகு மானத்தையும் வாங்கினார். சனி ஞாயிறுகளில் டேம் வியூவில் கூட்டம் தாங்காது. கண்ணாடியோர இடத்துக்குக் காத்திருக்கிறவர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று வேலுச்சாமி வாசலில் ஒரு மேசை போட்டு, டோக்கன் கொடுக்க அண்ணனை உட்கார வைத்தான். ஒரு மெஸ்ஸுக்கு முதலாளி, தம்பி கடை வாசலில், தலையில் ஒரு காவி நிறத் தொப்பியோடு, நம்பர் எழுதிய பிளாஸ்டிக் வில்லையை நீட்டிக்கொண்டு. முதலில் சனி ஞாயிறு. பிறகு தினமும். காலையில் இங்கே காய் வாங்கிப் போட்டுவிட்டு மேலே போவார். விளக்கு வைக்கும்போது வருவார். நான் பேசுவதை நிறுத்தவில்லை. அவர்தான் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

இங்கே கூட்டம் குறைந்திருந்தது, உண்மைதான். மறைக்க மாட்டேன். பெஞ்சில் தூசி துடைப்பதே வேலையாக இருந்தது. பெரிய உருளியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கடையை விற்றுவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். விற்றுவிட்டு யார் முகத்தைப் பார்ப்பது? அந்த நேரத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். உருளியை மறுபடி அடுப்பில் ஏற்றினேன். ருசி என்பது எங்கே இருந்தாலும் ஆளைத் தேடி இழுத்துவரும் என்று எனக்கு எப்போதும் தெரியும்.

ஒரு சர்க்கரை வியாதிக்காரர் இலையில் உட்கார்ந்துகொண்டே உளறினார். "மேல டோக்கன் குடுக்கற பெரியவருதாங்க சொன்னாரு, கீழ போங்க, அங்கதான் சோறுன்னு." அடுத்த ஆளைக் கேட்டேன். அவரும் அதே. வருகிறவர்களையெல்லாம் கேட்டேன். அதே பெரியவர், அதே தொப்பி.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். அன்றைக்கு அவர் வந்ததும் கேட்டேன்: மேலே உட்கார இடம் கிடைக்காத மிச்சத்தையெல்லாம் எனக்குத் தள்ளி விடுகிறீர்களா? உங்கள் தம்பி பெண்டாட்டி கடையின் வழிசலுக்கு நான் இலை போட வேண்டுமா?

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தொப்பியை ஆணியில் மாட்டினார். "மிச்சத்தை அனுப்பலை" என்றார். "தண்ணியப் பாக்க வந்தவன் எத்தனை நேரமானாலும் காத்துக்கெடப்பான். பசிச்சு வந்தவன் மூஞ்சி தெரிஞ்சுரும். பசிச்சவனைத்தான் உனக்கு அனுப்பறேன்."

பெரிய முக ஜோசியர். இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதை அந்த வாசலில் உட்கார்ந்து செலவழிக்கிறார். அதைச் சொன்னேன். "ஆமா, உங்கிட்டக் கத்துக்கிட்டதுதான்" என்றார். கிண்டலைப் பார்த்தீர்களா?

அதிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தேன். வருகிறவர்களிடம் யார் சொல்லி வந்தீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். அந்தப் பெரியவர் என்றால், அவர் யார் என்று எனக்குத் தெரியாது, அந்த ஆள் சொல்லாவிட்டாலும் நீங்கள் இங்கேதான் வந்திருப்பீர்கள் என்பேன். சோறு எல்லாருக்கும் ஒரே சோறுதான் போட்டேன். அதில் நான் பேதம் பார்த்ததில்லை. ஒருவரிடமாவது, "சாப்பிட்டோம், நன்றாக இருந்தது என்று மேலே போய்ச் சொல்லுங்கள்" என்று நான் சொன்னதில்லை. எனக்கு என்ன வந்தது? அவர்களாகவே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி வந்ததும், "இன்னைக்குப் பூசணிக்காய்க் கொழம்பு நல்லா வந்துச்சாமா" என்பார். என் கையால் சாப்பிட மாட்டார், ஆனால் எது எப்படி வந்தது என்று எல்லாம் தெரியும் அவருக்கு. உங்களுக்கு எதற்கு அது என்று உள்ளே போய்விடுவேன்.

நல்ல ஓட்டம் ஓடியது. கடந்த சித்திரை, வைகாசியெல்லாம் வாசலில் நின்று சாப்பிட்டுப் போனார்கள். இப்போதுதான் ஏனோ இப்படி. ஐப்பசியிலிருந்து இந்தப் பக்கம் ஓர் ஆள் திரும்புவதில்லை. மழை அதிகம் என்று நினைத்தேன். தையில் வெயில் வந்தது, ஆள் வரவில்லை. கூட்டம் மேலே குறையவில்லை, இன்னும் கூடியிருக்கிறது என்கிறார்கள். ஜனங்களுக்கு நாக்கு மரத்துப்போய்விட்டது, தம்பி. வேறு என்ன சொல்வது? என் கை மாறவில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களே, மாறியிருக்கிறதா? அதே உப்பு, அதே புளி. உருளியை மறுபடியும் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சமைத்தது சின்னக் குண்டானில். அதில்கூட மிஞ்சும்.

அதோ ஹாரன் அடிக்கிறான். டயர் மாட்டியாயிற்று போல. மோர் குடித்துவிட்டு எழுந்திருங்கள், ஒரு டம்ளர்தான், இஞ்சி தட்டிப் போட்டு... சரி. எழுந்துவிட்டீர்கள். சத்தம் கேட்டால் எல்லாரும் எழுந்துவிடுகிறீர்கள். அந்தக் கூட்டம் இறங்கி வந்து ஏறி உட்கார நேரமாகும் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள். இலையை மடியுங்கள், உங்கள் பக்கமாக. குழாய் அந்த மூலையில்.

என்ன கேட்டீர்கள்? தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை.

அவரா? இல்லை, இப்போது மேலே டோக்கனை ஒரு மிஷின் கொடுக்கிறது. அமுக்கினால் வருமாம்.

அவர் புரட்டாசி மாதம் இறந்துவிட்டார், தம்பி. மேலேதான், அந்தக் கடைசி நாற்காலியில், சாப்பிட்டு முடித்த பிறகு.